மேடை வேண்டாம் என்கிறார் ஹவில்தார்

கேள்வி:

வேலூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியையாக இருக்கிறேன். வாக்காளர் பட்டியல் திருத்தப் பணிக்காக வீடு வீடாகப் போனபோது, பள்ளிக்குப் பின்தெருவில் ஆடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் வயதுச் சான்று எடுக்க டிரங்குப் பெட்டியைத் திறந்தார். காகிதங்களுக்கு அடியில், மஞ்சள் துணியில் சுற்றிய இரண்டு பதக்கங்கள் இருந்தன. ஒன்று வெள்ளியில் வட்டமாக இருந்தது. அதில் முனை மேல்நோக்கிய ஒரு கத்தி, சிவப்பு நாடாவின் நடுவே மெல்லிய வெள்ளைக் கோடு. மற்றொன்று ஐந்து முனை நட்சத்திரம். என்னவென்று கேட்டேன். “பட்டாளத்தில் எல்லோருக்கும் கொடுப்பார்கள் அம்மா” என்றார். உள்ளேயிருந்து அவர் மனைவி, “பசந்தரில் கொடுத்தது. எடுத்து உள்ளே வையுங்கள்” என்று குரல் கொடுத்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் ‘ஹவில்தார்’, ‘எம்.இ.ஜி.’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தினமும் பார்க்கும் மனிதர். எங்களுக்கு அவர் ‘ஆட்டுக்காரத் தாத்தா’, அவ்வளவுதான்.

தலைமையாசிரியரிடம் சொன்னேன். குடியரசு தினத்தன்று அவரைக் கொடியேற்ற வைத்து, பொன்னாடை போர்த்தி, ஃபிளெக்ஸ் வைத்து, மாணவர்களிடம் பேசச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். பதக்கத்தைப் புளி போட்டுத் துலக்கித் தருகிறேன் என்றுகூடச் சொல்லியிருந்தேன். அழைக்கப் போனபோது மறுத்துவிட்டார். “எனக்கு மட்டும் எதற்கு? கூட இருந்தவர்களை எங்கே போய்க் கூப்பிடுவீர்கள்?” என்றார். எங்களோடு வந்த எட்டாம் வகுப்பு மாணவன் சட்டென்று, “தாத்தா, எத்தனை பேரைச் சுட்டீர்கள்?” என்று கேட்டுவிட்டான். அவர், “நான் யாரையும் சுடவில்லை தம்பி. குப்புறப் படுத்து மண்ணைத் தடவிக்கொண்டிருந்தேன்” என்றார். பையன் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து பெரியவர் பள்ளி வாசல் வழியாக ஆடுகளை ஓட்டி வருவதில்லை. நான் என்ன தவறு செய்தேன்? வேண்டாம் என்பவரை எப்படிக் கௌரவிப்பது?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பையனின் சிரிப்பிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த இடம் அதுதான். பெரியவர் சொன்னதில் கேலி இல்லை, மழுப்பல் இல்லை, நாம் நினைக்கும் பணிவும் இல்லை. தான் செய்த வேலையை இரண்டே வாக்கியத்தில், கொஞ்சமும் கூட்டிக் குறைக்காமல் சொல்லியிருக்கிறார். கேட்டவர்களுக்குத்தான் புரியவில்லை.

எம்.இ.ஜி. என்றால் மெட்ராஸ் இன்ஜினீயர் குரூப். 1780-இல் வேர்விட்ட பழைய படை, தலைமையிடம் பெங்களூரு. மெட்ராஸ் சாப்பர்கள் என்றால் ராணுவம் முழுக்கத் தெரியும். அவர்களுக்குப் பட்டாளத்தில் இன்னொரு பெயர் ‘தம்பி’. பஞ்சாபிக்காரர் ஆனாலும் வங்காளி ஆனாலும் மெட்ராஸ் சாப்பரைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். நானும் அந்தத் தம்பிகளோடு இருபத்திரண்டு ஆண்டுகள் இருந்தவன். பிறகு முன்னாள் படைவீரர் நலப் பணியில் சில காலம். அதனால் இந்தப் பதிலில் கொஞ்சம் பாசம் கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாப்பரின் வேலை பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது. இந்தக் கடைசி வேலையைத்தான் அவர் ‘மண்ணைத் தடவுவது’ என்றார். டாங்கிகளுக்காகப் புதைக்கும் வெடி மனிதன் மிதித்தால் பெரும்பாலும் வெடிக்காது. ஆகவே அதை எடுக்க வருகிறவனுக்கென்றே, ஆள் கால் வைத்தால் வெடிக்கும் சின்ன வெடிகளை இடையிடையே புதைத்திருப்பார்கள். சாப்பர் இருட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு, ஓர் இரும்புக் குச்சியையோ துப்பாக்கிமுனைக் கத்தியையோ மண்ணில் சாய்வாகச் செருகிச் செருகிப் பார்ப்பான். நேராகக் குத்தினால் வெடியின் தலையில் அழுத்திவிடும். ஏறத்தாழ 30 டிகிரி சாய்வில் போனால் பக்கவாட்டில் போய்த் தட்டும். தட்டினால் கையால் மண்ணை விலக்க வேண்டும். பிறகு ஒரு சாண் முன்னே நகர வேண்டும். சுத்தம் செய்த வழியின் இரண்டு பக்கமும் வெள்ளை நாடா இழுத்துக் கட்டிக்கொண்டே போவார்கள், பின்னால் வருகிற டாங்கி அதற்குள்ளேயே வர வேண்டும் என்பதற்காக. டாங்கியின் முன்னால் உருளை பூட்டி ஓட்டி வெடிகளை வெடிக்கச் செய்யும் முறையும் உண்டு. அது போக முடியாத இடங்களில் மனிதன்தான் போக வேண்டும். இத்தனையும் எதிரியின் பீரங்கிக் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கும்போது. திருப்பிச் சுட முடியாது. துப்பாக்கி முதுகில் கிடக்கும், கை மண்ணில் இருக்கும்.

இப்போது பசந்தர். 1971 டிசம்பர் 3-ஆம் தேதி பாகிஸ்தானுடன் தொடங்கிய போரில் நமக்கெல்லாம் நினைவிருப்பது டாக்காதான், 16-ஆம் தேதி 93,000 பேர் சரணடைந்த படம்தான். அதே நாளில் மேற்கே, ஷகர்கர் பகுதியில், ராவி நதியில் போய்க் கலக்கும் பசந்தர் என்ற ஆற்றங்கரையில் வேறொரு சண்டை நடந்துகொண்டிருந்தது. 15-ஆம் தேதி இரவு நம் 47-ஆவது காலாட்படை பிரிகேட் ஆற்றைத் தாண்டி அக்கரையில் கால் ஊன்றியது. தாண்டியவர்களில் 3 கிரனேடியர்ஸ், 16 மெட்ராஸ் என்ற காலாட்படைப் பிரிவுகளும் உண்டு. அக்கரையில் இருப்பவர்களிடம் டாங்கி கிடையாது. விடிந்தால் எதிரியின் டாங்கிகள் வரும். அதற்குள் நம் டாங்கிகள் போய்ச் சேர வேண்டுமென்றால் நடுவில் இருக்கும் கண்ணிவெடி வயலில் ஒரு வழி வேண்டும். அந்த வழியைத் தடவித் தடவித் திறந்துகொண்டிருந்தவர்கள் சாப்பர்கள்.

வேலை முடியவில்லை. அதற்குள் எதிரி டாங்கிகளின் நடமாட்டம் தெரிந்துவிட்டது. பூனா ஹார்ஸ் என்ற டாங்கிப் படையின் டாங்கிகள், மிச்சமிருந்த வெடிகளைப் பற்றிக் கவலைப்படாமல் பாதி திறந்த வழியில் புகுந்து அக்கரை சேர்ந்தன. மறுநாள் அங்கே இருபத்தொரு வயது இரண்டாம் லெப்டினன்ட் அருண் கேத்ரபால் தன் டாங்கியிலேயே உயிர் விட்டார். கிரனேடியர்ஸின் மேஜர் ஹோஷியார் சிங் காயங்களோடு ஒவ்வொரு பதுங்குகுழியாகப் போய்த் தன் ஆட்களை நிற்கவைத்தார். போர்க்கள வீரத்துக்கான மிக உயர்ந்த விருது பரம் வீர் சக்ரா. 1971 போரில் மொத்தம் நான்கு. அதில் இரண்டு இந்த ஆற்றங்கரைக்கு வந்தவை. 16 மெட்ராஸை நடத்திய லெப்டினன்ட் கர்னல் வேத் பிரகாஷ் காய் அங்கே இறந்தார். வெடி வயலில் சாப்பர்களோடு நின்ற 9 இன்ஜினீயர் ரெஜிமென்ட்டின் மேஜர் விஜய் ரத்தன் சௌத்ரியும் இறந்தார். இருவருக்கும் மறைவுக்குப் பின், அதற்கு அடுத்த விருதான மகா வீர் சக்ரா. மேற்கில் துப்பாக்கிகள் ஓய்ந்தது 17-ஆம் தேதி இரவு எட்டு மணிக்கு.

நீங்கள் வர்ணித்த வெள்ளி வட்டம் சேனா மெடல், ராணுவத்தின் வீரப் பதக்கங்களில் ஒன்று. முனை மேல்நோக்கிய கத்தி என்று எழுதியிருப்பது துப்பாக்கிமுனைக் கத்தி. பின்பக்கம் திருப்பினால் ஒரு சிப்பாய் நிற்பான். நட்சத்திரம், அவர் பசந்தரில் இருந்திருப்பதால், பஷ்சிமி ஸ்டார். அந்தப் போரில் மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்கு உரியது. ஆகவே ‘எல்லோருக்கும் கொடுப்பார்கள்’ என்று அவர் சொன்னது நட்சத்திரத்தைப் பொறுத்தவரை ஏறக்குறைய உண்மை. சேனா மெடலைப் பொறுத்தவரை அல்ல. இரண்டையும் ஒரே துணியில் சுற்றியிருக்கிறார், இரண்டுக்கும் சேர்த்து ஒரே பதிலைச் சொல்லிவிட்டார்! பட்டாளத்துக்காரர்களின் இந்தச் சாமர்த்தியத்தை நிறையப் பார்த்திருக்கிறேன்.

யாராவது “பரம் வீர் சக்ரா இல்லையே, சேனா மெடல்தானே” என்று சொல்லக்கூடும். படிவரிசை உண்டுதான். ஆனால் பரம் வீர் சக்ரா இந்நாள் வரை 21 பேருக்கே கிடைத்திருக்கிறது. இருட்டில் நடந்ததைப் பார்த்து எழுதி அனுப்ப ஒரு அதிகாரி உயிரோடு இருந்தால்தான் எந்தப் பதக்கமும் வரும். வெடி வயலில் அப்படிப் பார்த்தவர்கள் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்பதை அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு நாம் எடைபோட வேண்டாம்.

புளி வேண்டவே வேண்டாம். விபூதியும் வேண்டாம். பதக்கத்தின் விளிம்பில் அவருடைய படை எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். தேய்த்துத் தேய்த்து அதை அழித்துவிட்டவர்களை எனக்குத் தெரியும்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் தவறு செய்யவில்லை, அவசரப்பட்டீர்கள். கொடி, பொன்னாடை, ஃபிளெக்ஸ், உரை என்று நான்கையும் ஒரே மூச்சில் அவர் வாசலில் இறக்கியிருக்கிறீர்கள். அந்த ஃபிளெக்ஸ் எப்படி இருக்கும் என்று என்னால் இங்கிருந்தே சொல்ல முடியும். இணையத்தில் எடுத்த ஒரு டாங்கி, மேலே இரண்டு போர் விமானங்கள், மூலையில் பெரியவரின் ஆதார் அட்டைப் படம், அதைவிடப் பெரிதாக வட்டாரப் பிரமுகர்கள் ஐந்து பேர். அவர் ஆடு ஓட்டும் தெருவில் அது பதினைந்து நாள் தொங்கும்.

கிண்டல் செய்யும் தகுதி எனக்கு இல்லை. நலப் பணிக்கு வந்த புதிதில் ஒரு கொடிநாள் விழாவை நானே ஏற்பாடு செய்தேன். டிசம்பர் 7. போரில் ஒரு காலை இழந்த, நாயக் பதவியில் இருந்த ஒரு வீரரை அழைத்திருந்தேன். சிறப்பு விருந்தினர் இரண்டரை மணி நேரம் தாமதம். அவர் வெயிலில் உட்கார்ந்திருந்தார். பொன்னாடை போர்த்தினோம், படம் எடுத்தோம், நினைவுப் பரிசு கொடுத்தோம், பஸ் ஏற்றிவிட்டோம். எனக்கு அன்று இரவு நல்ல தூக்கம். மறுநாள் காலை அவர் பரிசோடு என் மேசைக்கு முன்னால் நின்றார். “சார், இதில் பெயர் வேறு யாருடையதோ போல இருக்கிறது. அந்தப் பெயரில் ஒருவர் இருந்தால் கொடுத்துவிடுங்கள்” என்றார். கோபமே இல்லை. இரண்டு எழுத்து மாறியிருந்தது. சரி பார்க்க வேண்டியவன் நான்.

உங்கள் பெரியவரும் பெயரைப் பற்றித்தான் பேசுகிறார். “கூட இருந்தவர்களை எங்கே போய்க் கூப்பிடுவீர்கள்?” என்பதை நீங்கள் மறுப்பு என்று எடுத்துக்கொண்டீர்கள். எனக்கு அது நிபந்தனையாகக் கேட்கிறது. ஒரு வழியைத் திறக்க ஒரு பிளட்டூனே படுத்து நகர்ந்திருக்கும். அதில் ஒருவருக்குப் பதக்கம் வந்தது. மற்றவர்கள் பெயர் அவர் நெஞ்சில் மட்டும் இருக்கிறது. அவர்களை விட்டுவிட்டுத் தனியாக மேடை ஏறுவது அவருக்கு ஏதோ திருடியது போல இருக்கும். இதைப் பல பேர் என்னிடம் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

நீங்கள் தமிழாசிரியை, நடுகல்லைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் ஊரிலிருந்து தெற்கே செங்கம் பக்கம் போனால் நிறைய இருக்கின்றன. எடுத்தனூர்க் கல் ஒன்று போதும். மகேந்திரவர்மன் காலத்துக் கல், இறந்த வீரன் பெயரோடு, கள்வரைக் கடித்துக் காத்த அவனுடைய நாயின் பெயரையும் பொறித்து வைத்திருக்கிறது, கோவிவன் என்று. நாய்க்குக்கூடப் பெயரை விடாத ஊர் அது.

ஆகவே அவரைப் பேச அழைக்காதீர்கள். ஒரு நாள், விழா எதுவும் இல்லாத நாளாகப் பார்த்து, “ஐயா, உங்களோடு இருந்தவர்களின் பெயர்களைச் சொன்னால் பிள்ளைகள் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்வார்கள்” என்று மட்டும் கேளுங்கள். சொன்னால், எழுத்துப் பிழை இல்லாமல் எழுதி, அவரிடமே காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். குடியரசு தினத்தன்று ஒரு பிள்ளை அந்தப் பெயர்களை வாசிக்கட்டும். அவருடைய பெயரும் வரிசையில் ஒன்றாக, தனி அடைமொழி இல்லாமல் வரட்டும். அவர் விரும்பினால் பெற்றோரோடு மூன்றாவது வரிசையில் உட்காரலாம், பதக்கத்தை இடது மார்பில் அணிந்தோ அணியாமலோ. சீருடை அணியச் சொல்லாதீர்கள். கொடியேற்றுவதை அவராகக் கேட்டால் கொடுங்கள். இதற்கும் வேண்டாம் என்றால், வேண்டாம் என்பதுதான் பதில். மூன்றாவது முறை போகாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு குரலாக வந்து போகிறாரே, அவர் மனைவி, அவரை நீங்கள் கவனிக்கவே இல்லை. பதக்கம் எங்கே வாங்கியது என்று உங்களுக்குச் சொன்னது அவர்தான். மேல்விலாசத்தில் 56 ஏ.பி.ஓ. என்ற ராணுவ அஞ்சலக எண்ணை மட்டும் எழுதி இன்லேண்ட் லெட்டர் போட்டுவிட்டு, புருஷன் எந்த மாநிலத்தில் இருக்கிறான் என்றே தெரியாமல் பதிலுக்குக் காத்திருந்த தலைமுறை அது. தந்தி வந்தால் பிரிப்பதற்கு முன்பே தெரு கூடி அழும். பெண்பிள்ளைகளை அவரிடம் உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள். பெரியவரைவிட அதிகம் சொல்வார் என்பது என் அனுபவம். பெரியவருக்கு இரவில் தூக்கம் இல்லை, டிசம்பர் வந்தால் சாப்பாடு இறங்குவதில்லை என்பது போல ஏதாவது அவர் சொன்னால், அதைக் கதையாகக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டமான இ.சி.எச்.எஸ். 2003 ஏப்ரலிலிருந்து இருக்கிறது. அட்டை இருக்கிறதா, அதன் பாலிகிளினிக்குக்குப் போகிறாரா என்று விசாரியுங்கள்.

இதிலிருந்து நான் உண்மையில் சொல்ல விரும்பும் விஷயத்துக்கு வருகிறேன். பொன்னாடைக்கு ஒதுக்கிய பணத்தையும் ஒரு சனிக்கிழமையையும் அவருடைய காகிதங்களுக்குக் கொடுங்கள். வீரத்துக்கான சேனா மெடலுக்கு மாதப் படி உண்டு. 2017 ஆகஸ்ட் முதல் அது 2,000 ரூபாய். அவருடைய ஓய்வூதியச் சீட்டில் அந்த வரி இருக்கிறதா? பழைய ஆட்களில் பலர் கேட்டதே இல்லை. ‘எல்லோருக்கும் கொடுப்பார்கள்’ என்று நினைப்பவர் எப்படிக் கேட்பார்? ஓய்வூதியம் இப்போது ஸ்பர்ஷ் என்ற கணினி முறைக்கு மாறிவிட்டது. ஆண்டுக்கு ஒரு முறை உயிர்வாழ்வுச் சான்று பதிவாக வேண்டும், விட்டால் பணம் நிற்கும். ஆடு மேய்க்கும் விரலில் ரேகை தேய்ந்து கருவி ஏற்றுக்கொள்ளாமல் திரும்பி வந்தவர்கள் உண்டு. முக்கியமாக, மனைவியின் பெயரைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் லட்சுமி, ஆதாரில் லட்சுமியம்மாள், வங்கியில் இன்னொன்று என்று இருக்கும். இன்று அது சில்லறை விஷயம். அவர் காலத்துக்குப் பின் அந்த ‘அம்மாள்’ ஒன்றுக்காக ஒரு கிழவி குடும்ப ஓய்வூதியம் இல்லாமல் மாதக்கணக்கில் அலைவாள். மாவட்டத்தில் முன்னாள் படைவீரர் நலன் உதவி இயக்குநர் அலுவலகம் இருக்கிறது. பெங்களூரில் எம்.இ.ஜி.யின் ரெக்கார்ட் ஆபீஸ் இருக்கிறது. படை எண்ணோடு கடிதம் எழுதினால் பழைய ஆவணத்தைத் தேடித் தருவார்கள். ஆங்கிலத்தில் கடிதம் எழுதத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் இருப்பதுதான் பெரும்பாலானவர்களுக்குக் கிடைக்காத உதவி. நீங்கள் பின்தெருவிலேயே இருக்கிறீர்கள்.

பாதுகாப்பு அமைச்சகம் வீர விருதுகளுக்கென்று ஓர் இணையதளம் வைத்திருக்கிறது. அங்கே பெயரைத் தேடிப் பாருங்கள். அவர் என்ன செய்தார் என்பதை அவரிடம் கேட்டு அவரைத் தொல்லை செய்யாமல் தெரிந்துகொள்ள ஒரு வழி. தெரிந்துகொண்டதை அவரிடம் ஒப்பிக்க வேண்டாம்.

இந்த நாட்டில் பட்டாளத்திலிருந்து திரும்பியவரிடம் ஊர்க்காரர்கள் கேட்கும் கேள்விகள் இரண்டுதான். எத்தனை பேரைச் சுட்டீர்கள், கேன்டீனில் ஒரு பாட்டில் கிடைக்குமா. இரண்டாவதற்காவது அவர்களிடம் தயாராகப் பதில் இருக்கும். பையன் முதல் கேள்வியைக் கேட்டதற்காக அவனைத் திட்டாதீர்கள். திரையில் பார்த்ததைத்தானே கேட்டான். சாப்பர் வேலை என்ன என்று நான் மேலே எழுதியதை அவனுக்குச் சொல்லுங்கள். வெள்ளை நாடாவையும் சொல்லுங்கள். விளையாட்டு விழாவுக்கு மைதானத்தில் அவனே சுண்ணாம்புக் கோடு போட்டிருப்பான், புரியும்.

பிறகு தலைமையாசிரியர் இல்லாமல், அவனை மட்டும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை போங்கள். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்க வேண்டாம், அவர் சங்கடப்படுவார். சிப்பாயிடம் வீரத்தைப் பற்றிக் கேட்டால் வாயை மூடிக்கொள்வான், வேலையைப் பற்றிக் கேட்டால் வாய் மூடாது. “தாத்தா, குச்சியை எவ்வளவு சாய்க்க வேண்டும்?” என்று பையன் கேட்கட்டும். ஆடு ஓட்டும் கம்பை எடுத்து அவர் வாசல் மண்ணில் செருகிக் காட்டக்கூடும். காட்டினால், பையனும் பக்கத்தில் குப்புறப் படுத்துப் பார்க்கட்டும், சட்டை அழுக்காவதைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். கைப்பேசியை மட்டும் பையிலிருந்து எடுக்காதீர்கள்.